தெற்கே போகும்போது மட்டும்

எங்கள் காரின் வழிகாட்டித் திரையில் ஒரு கோளாறு இருந்தது. தெற்கே போகும்போது திரும்ப வேண்டிய இடத்தில் அம்புக்குறி காட்டாது. வடக்கே திரும்பி வரும்போது ஒழுங்காகக் காட்டும். சர்வீஸ் சென்டரில் இதைச் சொன்னபோது, முன்மேசை இளைஞர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாஸ்து பார்த்து ஓடும் காரை அவர் அதுவரை சந்தித்ததில்லை போலிருக்கிறது.

"தெற்கேன்னா எந்த ரோடு சார்?"

"ஈசிஆர். மாமல்லபுரம் தாண்டி."

"வண்டி நீங்கதான் ஓட்டறீங்களா?"

"இல்ல, என் மனைவி. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

அவர் "சரி சார்" என்றார். அந்த "சரி சார்" எனக்குப் பழக்கமானதுதான். ஐம்பது வயதைக் கடந்த ஆண் இடப்பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் எல்லோரும், டோல்கேட்டில் இருப்பவர் உட்பட, அப்படித்தான் ஏதாவது சொல்வார்கள்.

நான் கார் ஓட்டப் பழகாமல் இல்லை. செங்கல்பட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். எனக்குக் கண்ணில் படும் போர்டையெல்லாம் படிக்கும் வியாதி உண்டு. பிழை இருந்தால் மனசுக்குள் திருத்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைப்பவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? 'சூடான சுன்டல்' என்ற போர்டை நான் சரிசெய்து முடிப்பதற்குள் மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை எம்பி மிதித்திருந்தார். எதிரே மணல் லாரி. சுண்டல் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்லாப் படிச்ச மனுஷன் சார் நீங்க. இன்னாத்துக்கு இதெல்லாம் உங்களுக்கு?" என்றார். அவர் கேட்டது நியாயம் என்று பட்டதால் மறுநாளிலிருந்து போகவில்லை.

ஆனால் இந்தக் கார் என் மனைவிக்கு வெறும் கார் இல்லை. அவள் பிறந்தது கோவளத்தை ஒட்டிய மீனவக் குப்பத்தில். அம்மா மீன் கூடையோடு பஸ் ஏறினால், நாற்றம் என்று சொல்லி நடுவழியில் இறக்கிவிடுவார்களாம். கூடப் போன பெண் பிள்ளையும் இறங்கி நடந்திருக்கிறது. அந்தப் பெண் பிள்ளை விலங்கியல் படித்து, இறால் குஞ்சுகளுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்கு வந்தது. மாமல்லபுரத்தில் ஆய்வகம். அங்கிருந்து தெற்கே, கடலோரச் சவுக்குத் தோப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் இறால் பொரிப்பகங்களுக்குப் போய், குஞ்சும் தண்ணீரும் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். பல வருஷம் அதைப் பஸ்ஸில்தான் செய்தாள். பட்டம் வாங்கியும் பெட்டியைக் கண்டால் கண்டக்டர்களுக்கு மூக்கு சுளித்தது. கார் வந்த அன்று சாவியைக் கையில் வாங்கியவள் சொன்னது இதுதான்:

"இனிமே பெட்டில இன்னா கீதுன்னு எவனும் என்னைக் கேக்க முடியாது."

பேச்சில் எவ்வளவோ படிப்பு ஏறியிருந்தாலும், சந்தோஷமோ கோபமோ மிஞ்சினால் அவளுக்கு 'இன்னா'வும் 'கீது'வும் வந்துவிடும்.

பாதி பெட்ரோலில் பாதி மின்சாரத்தில் ஓடும் ஹைப்ரிட் வண்டி. எங்கள் இருவருடைய சேமிப்பையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டு, நாய்க்குட்டி போலச் சத்தமில்லாமல் வாசலில் நின்றது. அதற்குத் தெரியாத வித்தை இல்லை. நாலு பக்கமும் கேமரா. ரிவர்ஸ் எடுத்தால் காக்கை பார்ப்பது போல வண்டியை மேலிருந்து காட்டும். இடப்பக்கம் யாராவது நெருங்கினால் இடது கண்ணாடியில் மஞ்சள் விளக்கு எரியும். பயணம் முடிந்ததும் எவ்வளவு சிக்கனமாக ஓட்டினாய் என்று நூற்றுக்கு மார்க் போடும். அவள் தொண்ணூறுக்குக் கீழே வாங்குவது அபூர்வம். வாங்கிய நாளில் வீட்டில் சமையல் நன்றாக இருக்காது.

ஓட்டுநர் கதவில் பதிவதற்கு ஒரு பொத்தானும், பக்கத்தில் எண் போட்ட இரண்டு பொத்தான்களும் இருந்தன. ஒன்று, இரண்டு. இருக்கையின் உயரம், முன்பின், பக்கத்துக் கண்ணாடிகளின் சாய்வு எல்லாவற்றையும் அவை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒன்றை அவள் தனக்காகப் பதிந்துகொண்டாள். குள்ளமானவள், அந்தப் பொத்தானை அமுக்கினால் இருக்கை எழும்பி ஸ்டியரிங்கை நோக்கி முண்டியடித்து முன்னேறும். இரண்டு எனக்கு என்றாள். அது காலியாகவே கிடந்தது.

வழிகாட்டிக்குள் ஒரு பெண் குரல் இருந்தது. ஆங்கிலப் பள்ளியில் படித்த குரல். திருக்கழுக்குன்றம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதற்குப் பல் வலி வந்தது போல் இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. முதல் வாரமே என் மனைவி அதன் வாயை அடைத்துவிட்டாள்.

"என் வண்டில நான் ஒருத்திதான் பேசுவேன்."

"அப்ப நான்?"

"நீங்க எப்பங்க பேசி இருக்கீங்க? போர்டு படிங்க."

குரல் போய், அம்புக்குறி மட்டும் மிஞ்சியது: இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் திரையின் இடது மூலையில், வலப்பக்கமானால் வலது மூலையில். வரைபடமும் கொஞ்சம் பழசு. செங்கல்பட்டின் ஓரத்தில் நாங்கள் வீடு கட்டியிருக்கும் மனைப்பிரிவு அதில் கிடையாது. வீட்டை நெருங்கியதும் திரையில் கார் ரோட்டைவிட்டு இறங்கி நீல நிறத்துக்குள் மிதக்கும். ஒரு காலத்தில் அங்கே ஏரி இருந்ததை ஊர் மறந்துவிட்டது; கார் மறக்கவில்லை. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நான் அந்தத் திரைக்கு ஒரு கும்பிடு போட்டிருக்கிறேன்.

புது வண்டியைக் காட்டக் கோவளத்துக்கு, அவள் தம்பி வீட்டுக்குப் போனோம். மச்சினன் படகு வைத்திருப்பவன். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அவள் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினாள். திரையில் தயார் என்று விளக்கு வந்தது. சத்தம் வரவில்லை, பேட்டரியில் கிளம்பும் வண்டிக்குச் சத்தம் எங்கிருந்து வரும்?

மச்சினன் பானெட்டில் காதை வைத்துக் கேட்டான். "அக்கா, ஸ்டார்ட் ஆவலயே."

"ஆயிட்ச்சிடா."

"எங்க ஆச்சி? மூச்சே இல்ல. வெக்கப்படாத, உக்காரு." வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினான். "டேய், அக்கா வண்டி நின்னுட்ச்சி, வாங்கடா!"

ஐந்தாறு பேர் ஓடிவந்தார்கள். படகை அலைக்குள் இறக்கும் பழக்கத்தில் ஆளுக்கொரு பக்கம் தோளைக் கொடுத்து, குரல் கொடுத்துத் தள்ளினார்கள். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாள். வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போக, பின்னால் ஐந்தாறு ஆண்கள் வெற்றிக் கூச்சலோடு ஓடி வந்தார்கள். கண்ணாடியில் பார்த்த அதை நினைத்து நினைத்து மாமல்லபுரம் வரைக்கும் அவள் சிரித்தாள். மறுநாள் மச்சினன் போனில் என்னிடம் வருத்தத்தோடு சொன்னான்: "புது வண்டின்னீங்க மச்சான். இன்னா வெல குட்த்தீங்களோ, தள்ளித்தான வுட வேண்டிகீது."

அந்தச் சிரிப்பை நான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கோளாறு அதற்கு அடுத்த வருஷம் ஆரம்பித்தது. நான் கட்டுரை எதுவும் வராத நாட்களில் அவளோடு போவேன். மாமல்லபுரம் தாண்டித் தெற்கே போனால் கடல் இடப்பக்கம். பொரிப்பகங்களுக்குப் பிரியும் மண் பாதைகளும் இடப்பக்கமே. சவுக்குத் தோப்பு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அம்பு காட்டினால்தான் பாதை தெரியும். அவள் ஒன்றைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள். இன்னொரு நாள் இரண்டைத் தாண்டினாள். "அம்பு வரவே இல்லீங்க" என்றாள். நான் அந்த நேரத்தில் ஏதாவது போர்டு படித்துக்கொண்டிருந்திருப்பேன், பார்க்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஓட்டிப் பார்த்தார்கள். "அம்பு வருதே மேடம்." வரைபடத்தைப் புதுப்பித்தார்கள். இப்போது எங்கள் வீடு ஏரியைவிட்டு வெளியே வந்து கரையேறியது. அம்பு மட்டும் வரவில்லை. மறுபடி போனோம். முன்மேசை இளைஞர் என்னைத் தனியாக அழைத்து, "வரும்போது ஒர்க் ஆவுதுன்னா சென்சார்ல தப்பு இல்ல சார்" என்று ஜோசியர் போலச் சொன்னார்.

அதே நாட்களில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அவளுடையது. பரிமாறுபவரைக் கூப்பிட்டு, "உப்பு, ஊறுகாய் வெக்கலியே" என்றாள். அவர், "வெச்சேனேம்மா" என்றார். இலையின் இடது ஓரத்தில் இரண்டும் இருந்தன. அவள் குனிந்து பார்த்துவிட்டு, "இருக்குது" என்று முனகினாள். "மார்க் தொண்ணூறு வாங்குற ஆளுக்கு ஊறுகாய் தெரியலியே" என்றேன். பரிமாறியவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வீட்டு கேட்டில் இடது கண்ணாடி உரசியதும் அந்த மாதம்தான்.

தெரிந்த நாள் ஒரு சாதாரணக் காலை. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ஒரே பாதையை மூன்றாம் முறை தவறவிட்டதும் அவள் வண்டியை ஓரங்கட்டி ஸ்டியரிங்கை ஓர் அடி அடித்தாள்.

"இன்னா எழவுங்க இது? அம்பே காட்ட மாட்டேங்குது."

நான் திரையைப் பார்த்தேன். இடது மூலையில் பச்சையாக, முறுக்கு அளவுக்கு அம்பு எரிந்துகொண்டிருந்தது.

"இதோ இருக்கே."

"எங்க?"

"இங்கதான்." அதன்மேல் விரலை வைத்தேன்.

"உங்க கை எங்க கீது?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விரலால் திரையைத் தட்டினேன். சத்தம் வந்த பக்கம் அவள் தலை முழுவதையும் திருப்பினாள். "அட" என்றாள். மறுபடி தலையை நேராக்கி ரோட்டைப் பார்த்தாள். திரும்பினாள். நேராக்கினாள். நாலைந்து தடவை அப்படிச் செய்துவிட்டு, கடைசியில் ரோட்டைப் பார்த்தபடியே, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்:

"இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

"இங்கதான். பக்கத்துல."

"பேச்சு மட்டுந்தான் கேக்குது."

வண்டியில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி குறைந்ததோ என்னவோ, என்ஜின் தானாக ஒருமுறை விழித்து உறுமிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. பிறகு அவளே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஊறுகாய். கேட். தெற்கே போனால் கடலும் அம்பும் இடப்பக்கம், திரும்பி வந்தால் இரண்டும் வலப்பக்கம். "அதாங்க. வரும்போது கடலைப் பாத்துக்கினே வருவேன். போகும்போது பாத்த ஞாபகமே இல்ல. வேலை அவசரத்துல போறோம்னு நெனச்சிக்கினேன்."

அவள் ஓட்டக் கூடாது. எனக்கு ஓட்டத் தெரியாது. மச்சினனுக்குப் போன் செய்தோம். அவன் யாருடைய பைக்கின் பின்னாலோ தொற்றிக்கொண்டு வந்து சேரும்வரை சவுக்கு நிழலில் நின்றோம். விஷயம் கேட்டதும் அவன் காரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கேமராவையும் தொட்டுப் பார்த்தான்.

"வண்டிக்கு நாலு பக்கமும் கண்ணு கீதே அக்கா. அது பாத்துக்காதா?"

கண் மருத்துவமனையில் கண்ணில் குறை இல்லை என்றார்கள். பிறகு ஓர் இருட்டறையில் பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் அவள் முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நடுவே ஒரு புள்ளியை விடாமல் பார்க்க வேண்டும்; சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். நான் பின்னால் நின்றேன். வலப்பக்கம் வெளிச்சம் வந்தது, டிக் என்று அமுக்கினாள். மேலே வந்தது, டிக். இடப்பக்கம் வந்தது. அமுக்கவில்லை. மறுபடி இடப்பக்கம், கொஞ்சம் பிரகாசமாக. நான் என்னை அறியாமல் என் கட்டைவிரலை அமுக்கிக்கொண்டேன். அவள் கை அசையவில்லை. நன்றாகச் செய்கிறோம் என்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பிறகு தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கம் ஒரு சிறிய ரத்தக்குழாய் எப்போதோ அடைத்திருக்கிறது. வலியில்லை, மயக்கமில்லை, யாருக்கும் தெரியாமல் போய்விட்டது என்றார் டாக்டர். கண் பார்க்கிறது, பார்த்ததை வாங்கிக்கொள்ளும் இடம் பாதி போய்விட்டது. சில பேருக்குச் சில மாதங்களில் கொஞ்சம் திரும்பி வரும். மறுபடி சோதிப்போம். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது.

அவள் வாதாடினாள். அவள் அப்படி வாதாடி நான் பார்த்ததில்லை.

"டாக்டர், அது சாதா வண்டி இல்ல. நாலு கேமரா இருக்கு. இடது பக்கம் யாராவது வந்தா அதுவே சொல்லும்."

"எப்படிம்மா சொல்லும்?"

"இடது கண்ணாடில ஒரு மஞ்சள் லைட்டு..."

அங்கேயே நிறுத்திக்கொண்டாள். டாக்டர் நல்ல மனிதர். எதையோ எழுதுவது போலக் குனிந்துகொண்டார்.

அதன் பிறகு வந்த மாதங்களில் எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் ஒரே காரியம்தான்: அந்த இடப்பக்கம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. காலையில் காபி குடித்ததும் அவள் காலண்டரைப் பார்த்து நிற்பாள். நான் அவளுக்கு இடப்பக்கம் நின்று விரல்களைக் காட்ட வேண்டும்.

"எத்தினி?" என்று அவளே கேட்பாள்.

"நீ சொல்லு."

"ரெண்டு."

மூன்று காட்டியிருப்பேன். "கிட்ட வந்துட்ட" என்பேன். பரிதாபப்பட்டு ஒரு நாள் கையைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்திவைத்தேன். "நகத்தாதீங்க. பிட்டு அடிச்சிப் பாஸாவ எனக்கு வேணாம்" என்றாள். முப்பது வருஷமாகக் கண்ணெதிரே இருந்தும் இந்த வீட்டில் என்னை யாரும் கவனிப்பதில்லை என்று நான் எத்தனையோ கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். வாசகர்கள் ரசித்துக் கடிதம் போட்டிருக்கிறார்கள். அதை இப்போது டாக்டர் முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார். சொல்லிப் பார்த்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போனவள் ரொம்ப நேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

ஹைப்ரிட் வண்டியைச் சும்மா நிறுத்திவைக்கக் கூடாது, பேட்டரி இறங்கிவிடும். வாரம் ஒருமுறை உயிர் கொடுக்க வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சாவியை எடுத்துக்கொண்டு போவாள். ஒன்றாம் பொத்தானை அமுக்கி, இருக்கை அவளுக்காக எழும்பி முன்னால் வரும்வரை காத்திருந்து, ஏறி உட்காருவாள். வண்டியைத் தயார் நிலையில் வைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு எதிரே காம்பவுண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்ஜின் தானாக எழும், தானாக அடங்கும். அரை மணி கழித்து அணைத்துவிட்டு இறங்குவாள். ஒருமுறை ஜன்னல் வழியாகக் கேட்டேன்: "மார்க் எவ்வளவு?"

"ஓடாத வண்டிக்கு இன்னா மார்க்கு?"

இரண்டாவது சோதனைக்கு மழை விட்ட ஒரு நாளில் போனோம். அதே இருட்டறை, அதே கிண்ணம். வலப்பக்கம் டிக். கீழே டிக். இடப்பக்கத்தில் வெளிச்சங்கள் வந்து வந்து ஆள் இல்லாத வீட்டு வாசலில் கூப்பிட்டுப் பார்ப்பவரைப் போலப் போய்விட்டன. வெளியே வந்ததும், "இந்தத் தடவ நெறைய அமுக்கின மாதிரி இருக்குதுங்க" என்றாள். நான் "ஆமாம்" என்றேன். டாக்டர் காகிதத்தைக் காட்டினார். வலப் பாதி வெள்ளை, இடப் பாதி கறுப்பு. பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எது எது என்று பிரிக்க முடியவில்லை. "இனிமேல் பெரிசா மாற வாய்ப்பில்லம்மா" என்றார்.

அவள் தலையை முழுவதும் திருப்பிக் கறுப்பு பாதியையும் பார்த்தாள். காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள்.

வேலையை விடவில்லை. மைக்ராஸ்கோப்புக்குப் பாதிப் பார்வை போதும், தலையை நகர்த்திக்கொள்ளலாம் என்றாள். பழையபடி பஸ். ஒரு நாள் நானும் கூட இருந்தேன். மாமல்லபுரத்துக்குத் திரும்ப ஏறும்போது கண்டக்டர் ஐஸ் பெட்டியைக் காலால் தட்டினார்.

"இன்னாமா பொட்டில? மீனா?"

"தண்ணி."

"தண்ணியா? கவுச்சி அடிக்குது. எறங்கு, அடுத்த வண்டில வா."

பழைய நாளாக இருந்தால் அந்தக் கண்டக்டர் அன்று வீட்டுக்கு அழுதுகொண்டே போயிருப்பார். அவளோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ரோட்டோரத்தில் பெட்டிமேலேயே உட்கார்ந்து, இடப்பக்கம் ஏதாவது வருகிறதா என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றது அவளுடைய இடப்பக்கம். வலப்பக்கம் போய் நின்றேன்.

மறுநாள் காலை அதே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். மாஸ்டருக்குத் தலை நரைத்திருந்தது, ஞாபகம் நரைக்கவில்லை. "அட, சுண்டல் சாரு!" என்று எழுந்து வரவேற்றார்.

லைசென்ஸ் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் காலி மனைகளில் எங்கள் காரை எடுத்தேன். சொல்லிக்கொடுத்தது அவள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் இப்போது அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

"நான் தெரியறேனா?" என்றேன்.

"முழுசாத் தெரியறீங்க. அதான் பயமா கீது. போர்டு படிக்காதீங்க, ரோட்டைப் பாருங்க."

குரலைத் திறந்துவிடட்டுமா, வழி சொல்லுமே என்று கேட்டேன். "அதுக்குத்தான நான் ஒருத்தி கீறேன்" என்றாள். கோவளத்திலிருந்து மச்சினன் வந்து வேடிக்கை பார்த்தான். நான் முதன்முதலாகத் தயார் விளக்கு வரவைத்தபோது பழக்க தோஷத்தில் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தான். "தள்ளு மச்சான், நான் ஓட்டறதுக்கு அதுதான் பத்திரம்" என்று அவனையே மிஞ்சி நான் கத்தினேன். அவள் அக்கா மாதிரி இல்லாமல், அம்மா மாதிரி எங்கள் இருவரையும் அதட்டினாள். கார் எனக்கு முப்பத்தொன்று மார்க் போட்டது. பிரேக்கை மிதித்தால் மின்சாரம் சேரும் வண்டி அது. அந்தக் கணக்கில் நான் செங்கல்பட்டுக்கே விளக்கு போட்டிருக்கலாம்.

இப்போது நான்தான் அவளைப் பொரிப்பகங்களுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அம்பு இடது மூலையில் ஒழுங்காக வருகிறது. தெற்கே போகும்போது நடுநடுவே அவள் கழுத்தை முழுவதும் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொள்கிறாள். ஒருமுறை பார்த்துவிட்டு நேரே திரும்பியதும் அது மறைந்துவிடும் என்பதால் மறுபடி திரும்புகிறாள்.

ஒரு விஷயத்தை அவளுக்குத் தெரியாமல் செய்துகொண்டிருந்தேன். வண்டியைவிட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றாம் பொத்தானை அமுக்கிவிடுவேன். என் நெடுங்காலுக்காகப் பின்னால் தள்ளியிருந்த இருக்கை எழும்பி, ஸ்டியரிங்கை நோக்கி முண்டியடித்துப் போய் அவள் உயரத்தில் நிற்கும். மறுபடி ஏறும்போது கையால் எல்லாவற்றையும் எனக்குத் தோதாக நகர்த்திக்கொள்வேன். என் இருக்கையை இரண்டில் பதிந்துகொள்வது ஒரு நிமிட வேலை. செய்யவில்லை.

போன வாரம் ஒரு பொரிப்பக வாசலில் இறங்கி, அமுக்கிவிட்டுத் திரும்பினேன். பெட்டிகளை உள்ளே கொடுத்துவிட்டு நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாக அவள் வந்துவிட்டிருந்தாள். வண்டியின் வலப்பக்கம் நின்று, இருக்கை தானாக முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது போய் நின்றதும் கேட்டாள்:

"தெனமும் இப்பிடித்தான் பண்றீங்களா?"

"பழக்கம்."

"ஏறுங்க."

ஏறினேன். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. "பின்னால தள்ளுங்க. இன்னும். முதுகைச் சாய்ங்க. கண்ணாடி சரியாத் தெரியுதா? எனக்குத் தெரியாது, நீங்கதான் பாத்துச் சொல்லணும்." பார்த்தேன். இடது கண்ணாடியில் சவுக்குத் தோப்பும் கடலின் ஒரு துண்டும் தெரிந்தன. "தெரியுது" என்றேன்.

"இப்ப பதிஞ்சிக்கங்க."

"ரெண்டு காலியாத்தான் இருக்கு. அதுல பதியறேன்."

"ரெண்டு இன்னாத்துக்கு? ஓட்டறது ஒரே ஆளுதானே."

நான் கையைத் தூக்கவில்லை. தோப்புக்குள் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். அவள் திறந்திருந்த கதவுக்குக் குனிந்து, பதியும் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தனக்கென்றிருந்த ஒன்றாம் பொத்தானை அமுக்கினாள். வண்டி ஒருமுறை கீச்சென்றது. அவள் கதவைச் சாத்தினாள், நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.

பிறகு பானெட்டைக் கையால் தொட்டுக்கொண்டே, வண்டியைச் சுற்றி இடப்பக்கக் கதவுக்கு நடக்க ஆரம்பித்தாள். தயார் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டியில் சத்தமே இல்லை. அவள் வந்து ஏறும்வரை நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.